சதுர அடி

கிளிநொச்சியில், டிப்போச் சந்திக்கு நாலு கடை தள்ளி,
பதாகை அடிக்கிறேன்.
அந்த நடிகரின் பெயரைச் சொல்லமாட்டேன்.
அவருடைய பொடியள் என் நல்ல வாடிக்கையாளர்கள்.
கடன் வைத்தாலும்
படம் ஓடி முடிவதற்குள் தந்துவிடுவார்கள்.

நேற்றுக் காலை டிலக்சன் வந்தான்,
பின்னால் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்.
நாற்பதடி வேண்டுமாம்.
"யாழ்ப்பாணத்தில முப்பத்தஞ்சுதான் அண்ணை."
பென் டிரைவில் தலைவரின் முகம் இருநூற்றுப் பன்னிரண்டு:
சிரிப்பது, முறைப்பது, கண்ணாடியைக் கழற்றுவது,
கழற்றியதைத் திரும்ப மாட்டுவது.
ஒவ்வொரு மயிர்க்காலையும் எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.
அதுதான் பிரச்சினை.
"கண்ணுக்குக் கீழ பையை எடுங்கோ.
கழுத்தை இழுங்கோ.
மீசைக்குக் கொஞ்சம் கறுப்பு."
அறுபத்து மூன்றை முப்பதாக்க
எனக்கு இருபது நிமிஷம்.

இந்த முகங்கள் எங்களிடம் சின்னதாகத்தான் வந்தன.
தடைக்காலத்தில் அப்பா
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் டெக்கும் ரீவியும் ஏற்றி
விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று போவார்.
திரை பதினாலு அங்குலம். சனம் நூற்றைம்பது.
பின்வரிசைக்கு நாயகன் தீப்பெட்டிப் படம்.
அடிக்கிறவன் யார், விழுகிறவன் யார் என்று
முன்வரிசை திரும்பிச் சொல்லவேண்டும்.
கடைசிச் சண்டையில் மண்ணெண்ணெய் தீரும்.
முகம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகும்,
புள்ளி கொஞ்சநேரம் நிற்கும்,
போகும்.
அந்தப் புள்ளிக்கும் விசிலடித்தார்கள்.

ஒருநாள் இருட்டில் எழும்பினார்
சைக்கிள் கடைச் சபாநேசன்.
கொழும்பில் பார்த்த படமாம்.
மிச்சச் சண்டையை, மிச்ச அழுகையை,
கல்யாணத்தையும் கூட
ரோர்ச் வெளிச்சத்தில் தனியாளாய் நடித்து முடித்தார்.
அடுத்த ஊரில் கேட்டார்களாம்,
"மிச்சப்படம் காட்டுற ஆள் வரேல்லையோ?"
மூன்று மாதம் அவரிடம்
எந்தக் கடையும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.
பிறகு அவர் பார்க்காத படம் ஒன்று வந்தது.

மத்தியானம் தவமலரம்மா வந்தா.
வீதியோரக் கொட்டகையில்
படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவ.
மழையும் வெயிலும் தின்று பழைய பதாகை வெளிறிவிட்டது,
புதிசு வேண்டும், மூன்றடி.
அவவிடம் இருப்பது ஒரே ஒரு முகம்:
யாரோ ஒருத்தியின் கல்யாணக் கூட்டத்தில்,
யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்,
பாதி சிரிப்பில், கடுகளவு.
பெரிசாக்கினால் சதுரம் சதுரமாய் உடைகிறது.
அந்தச் சதுரங்களை எனக்குப் பழக்கம்.
இது நாலாவது தடவை.

இம்முறை வேறொன்று கேட்டா.
"இதில அவனுக்கு இருபத்தொண்டு.
இப்ப முப்பத்தெட்டு.
ஆராவது எங்கயும் கண்டாலும் எப்பிடி மட்டுக்கட்டுவினம்?
கொஞ்சம் நரை போடு தம்பி.
நெத்தியையும் ஏத்திவிடு.
தேப்பனுக்கு முப்பத்தஞ்சில ஏறினது."

மற்ற ஜன்னலில் தலைவர்,
முப்பது வயதில், சேமிக்கப்படாமல்.

எனக்கு நரை எடுக்கத் தெரியும்.
வைத்துப் பழக்கமில்லை.
காதோரம் ஒரு கோடு வைத்தேன், "கூடிப்போச்சு" என்றா.
அழித்தேன்.
கண்ணோரம் ஒரு சுருக்கம்.
"அவன் அவ்வளவு சிரிக்கிறேல்ல."
அழித்தேன்.
பின்னேரம் நாலரைக்கு
அவவே கதிரையை இழுத்துப்போட்டு அருகில் இருந்தா.
ஆறு மணிக்கு ஒருவன் திரையில் இருந்தான்,
மெலிந்து, முன்மயிர் கொட்டி.
பார்த்தா.
"கலியாணம் கட்டியிருப்பான் போல" என்று
தனக்குத்தானே சொன்னா.

கணக்குச் சதுர அடியில்தான்.
இரண்டு பேருக்கும் ஒரே மை, ஒரே விலை.
அவவிடம் வாங்கவில்லை என்று எழுதினால் நல்லாயிருக்கும்.
வாங்கினேன். பாதி.

இரவு மழை.
வீட்டுக்குப் போகும்போது கொட்டகையைக் கண்டேன்.
கூரைக்குப் போட்டிருப்பது போன தீபாவளித் தலைவர்,
அச்சடித்த பக்கம் உள்ளே.
நான் கறுப்படித்த மீசையிலிருந்து
ஒரு துளி ஒழுகி,
அதற்குக் கீழே யாரோ வைத்த
பெயின்ற் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.